சாக்கில் சுற்றிய அரிவாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பயங்கர ஆயுதங்களுடன் சுற்றிய நால்வர் கைது' என்று உங்கள் தாளில் அடிக்கடி செய்தி வருகிறது. கூடவே ஒரு படமும் இருக்கும். மேசையில் வரிசையாகப் பரப்பிய கத்திகள், பின்னால் விறைப்பாக நிற்கும் காவலர்கள். மற்றவர்கள் பிடிபட்டவன் முகத்தைப் பார்ப்பார்கள், நான் கத்தியைத்தான் பார்ப்பேன். 26 வருடமாகக் கல்யாண வீடுகளில் சமைக்கிறவன், கண் அங்கேதான் போகும். கொஞ்ச நாளைக்கு முன் பார்த்த படத்தில் ஐந்து கிடந்தன. அதில் நான்கு, அடுப்படியைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது, லாரி பட்டையில் அடித்த நீளக் கத்திகள், பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. ஐந்தாவது, இளநீர் சீவுகிற அரிவாள். தினமும் கல்லில் தீட்டித் தீட்டி வயிற்றுப் பக்கம் ஒரு விரல்கடை தேய்ந்துபோனது. அது எப்படி அந்த மேசைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது, எங்காவது கடையிலிருந்து திருடிக்கொண்டு வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்ததிலிருந்து ஒரு விஷயத்தை உங்களுக்கு எழுத வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கத்தியோடு ரோட்டில் போவது எப்போது சரி, எப்போது தப்பு? கேட்டால் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தினம் கத்தியோடு போகிற எங்களைத்தான் யாரும் கேட்பதில்லை.

எங்கள் தொழிலில் கத்தியை மண்டபத்துக்காரர் தரமாட்டார், நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். என்னுடைய சாக்கில் மூன்று அரிவாள்மனை, தேங்காய் உடைக்க ஒரு கொத்தரிவாள், சேனையும் பூசணியும் பிளக்க ஒரு கனத்த கத்தி, சின்னக் கத்தி ஏழெட்டு, ஒரு தீட்டுக்கல். எல்லாவற்றையும் பழைய வேட்டியில் தனித்தனியாகச் சுற்றி, சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டிவிடுவோம். யாரையும் பயந்து அப்படிக் கட்டவில்லை. அலகு ஒன்றோடொன்று உரசினால் பதம் போய்விடும், வண்டியில் போகும்போது தொடையைக் கிழித்துவிடும், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வைகாசி முகூர்த்தம். ஆயிரம் இலை. சாமான் எல்லாம் சாயங்காலமே வேனில் மண்டபத்துக்குப் போய்விட்டது, கத்திச் சாக்கு மட்டும் வீட்டுத் திண்ணையிலேயே நின்றுவிட்டது. என் மறதிதான். உதவியாளாக இருந்த பையனைப் பைக்கில் அனுப்பி எடுத்துவரச் சொன்னேன். திரும்பி வரும் வழியில் பைபாஸில் வாகனச் சோதனை. சாக்கைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

"எதுக்குடா இத்தனை கத்தி?"

"காய் நறுக்க, சார்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு எவன்டா காய் நறுக்குறான்?"

"ரெண்டு மணிக்குத்தான் சார் நறுக்குவோம்."

அவன் சொன்னது முழு உண்மை. காலை 7 மணிக்கு முதல் பந்தி என்றால் காய் நறுக்குவது அந்த நேரம்தான். ஆனால் அவர்கள் காதுக்கு அது எகத்தாளமாகக் கேட்டிருக்கிறது. சாக்கோடு சேர்த்து அவனையும் ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். இங்கே மண்டபத்தில் மூட்டை மூட்டையாகக் காய் கிடக்கிறது, நறுக்க வந்த அக்காமார் ஆறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் கதவைத் தட்டி அரிவாள்மனை இரவல் வாங்கினோம். நாலு வீட்டில் தந்தார்கள். ஒரு வீட்டில், இந்த நேரத்தில் அரிவாள்மனையா என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவியல் போடுவதாகப் பேச்சு, அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கை அவித்து மசியல் ஆக்கிவிட்டேன். அதற்குத்தான் கத்தியே வேண்டாம்.

விடிகாலையில் நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். கையில் கல்யாணப் பத்திரிகை. அங்கே இருந்த அதிகாரி மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம், நேரம் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தார். அப்புறம் சாக்கை ஒரு பார்வை பார்த்தார், பையனை ஒரு பார்வை பார்த்தார், "இதை முதல்லயே காட்டியிருக்கலாம்ல" என்று விட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வாரம்தான் அந்தப் பக்கம் ஒரு வெட்டுக்குத்து நடந்திருந்தது, ராத்திரியில் சாக்கு நிறையக் கத்தியோடு ஒருவன் வந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தின பிறகு எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதில்தான் எனக்கு வழக்கு.

அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஒரு பத்திரிகையைக் கேட்டு வாங்கிக் கத்திச் சாக்கிலேயே போட்டுவிடுகிறேன். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைதான் எங்களுக்கு லைசென்ஸ்.

என் அண்ணன் மகள் வக்கீல். அவளிடம் கேட்டேன், பொறுமையாகச் சொன்னாள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தாக்கவோ தற்காக்கவோ வேண்டி ஆயுதமாகவே செய்யப்பட்டதுதான் அதில் ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டும் என்று செய்த பொருள் அதில் சேராது, அதற்கு உதாரணமாகத் தடிக்கம்பையும் கைத்தடியையும் சட்டமே சொல்லியிருக்கிறது. அப்புறம் விதிகளில் ஓர் அளவு வருகிறது, பழைய 1962 விதியிலும் உண்டு, 2016இல் வந்த புது விதியிலும் உண்டு: அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது பட்டியலில் வரும். வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை ஆகிய வேலைகளுக்காகச் செய்ததென்றால் அந்த அளவும் பொருந்தாது. அந்த வகை ஆயுதங்களுக்கு அரசு அறிவித்த இடங்களில் உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தால் குறைந்தது 1 வருடம், 3 வருடம் வரை சிறை.

அன்று ராத்திரியே டேப் எடுத்து என் கத்திகளை அளந்தேன். வீட்டில் சிரித்தார்கள். கொத்தரிவாள் நீளம் பதினொன்றரை, அகலம் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவு. சேனை வெட்டுகிற கத்தி பத்து. அளவை மட்டும் பார்த்தால் நான் 26 வருடமாக ஆயுதம் ஏந்திய ஆள். வேலையைப் பார்த்தால் சமையல்காரன். சட்டம் வேலையையும் பார்க்கிறது, சந்தோஷம். ஆனால் அது பார்ப்பது கத்தியை எதற்காகச் செய்தார்கள் என்பதை. ரோட்டில் நிற்கிற காவலருக்கு அது எப்படித் தெரியும்? கொல்லன் பட்டறைக்குப் போய்க் கேட்டுக்கொண்டா வர முடியும்? அதனால் அவர் முகத்தைப் பார்க்கிறார், சட்டையைப் பார்க்கிறார், பேச்சைப் பார்க்கிறார். கறுத்த ஒல்லிப் பையன், லுங்கி, நம்பர் பிளேட் உடைந்த பைக். முடிந்தது கதை. அதே சாக்கை நான் வெள்ளை வேட்டியில் காரில் கொண்டுபோன நாட்களில் ஒருமுறைகூடப் பிரிக்கச் சொன்னதில்லை.

நான் கேட்பது, முகத்துக்குப் பதிலாக வேறு மூன்று நாலு சங்கதிகளைப் பாருங்கள் என்றுதான். கத்தி கட்டியிருக்கிறதா, சட்டென்று உருவுகிற மாதிரி இருக்கிறதா? சாக்கின் வாய்க் கட்டை அவிழ்க்க எங்கள் பையனுக்கே இரண்டு நிமிஷம் ஆகும், சண்டைக்குப் போகிறவன் அப்படிக் கட்டமாட்டான். பனையேறிகளைப் பாருங்கள், பாளை சீவுகிற அரிவாள் சவரக்கத்தி மாதிரி இருக்கும், ஆனால் அது இடுப்பில் அரிவாள்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். முதுகுப் பக்கம் சட்டைக்குள் செருகியிருந்தால் அது வேறு கதை. அப்புறம் கத்தியோடு கூட என்ன இருக்கிறது? என் சாக்கில் தீட்டுக்கல் இருக்கிறது, துருவலகு இருக்கிறது, ஜல்லிக்கரண்டி இருக்கிறது. தென்னை ஏறுகிறவரிடம் கயிறு இருக்கும், கறிக்கடைக்காரரின் கத்தியில் கொழுப்பு வாடை போகவே போகாது. பிடியைப் பாருங்கள், வேலை செய்கிற கத்தியின் மரப்பிடி கைபட்டுக் கைபட்டு வழவழவென்று கறுத்திருக்கும். அப்புறம் அவன் எங்கிருந்து எங்கே போகிறான். அந்த வேலைக்குப் போகிற வழியில், அல்லது வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறானா? அது போதும். வேலை முடிந்து கத்தியோடு டாஸ்மாக்கில் உட்கார்ந்திருந்தால் அவன் சமையல்காரனாகவே இருந்தாலும் பிடியுங்கள், நான் ஜாமீனுக்கு வரமாட்டேன்.

என் தங்கை மகன் லண்டனில் ஒரு ஓட்டலில் சமைக்கிறான். அங்கே சட்டம் இதைத்தான் கேட்கிறதாம், காரணம் என்ன என்று. 1988இல் போட்ட சட்டம். 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி என்றால் பரவாயில்லை, மற்றது எதுவானாலும் தக்க காரணம் இருக்கிறது என்று கையில் வைத்திருப்பவன்தான் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் 4 வருடம் வரை உள்ளே போக வேண்டியதுதான். வேலைக்கான கத்தி, மதக் காரணம், தேசிய உடையின் பகுதி இதெல்லாம் காரணமாக எடுபடும். "மாமா, பையில கத்தியை வச்சுக்கிட்டு வேற எங்கயும் சுத்தாம நேரா வீட்டுக்குப் போன்னு முதலாளியே சொல்லியிருக்காரு" என்றான். அங்கே மாதிரி நிரூபிக்கிற பாரத்தை முழுக்க எங்கள் தலையில் வைக்கச் சொல்லவில்லை, இங்கே அது வேறு விதமாகப் போய்விடும் என்று தெரியும். ஆனால் காரணத்துக்கும் நேரம் காலம் உண்டு என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

பாதுகாப்புக்காக வைத்திருக்கிறேன் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். இதில் நான் கறார். ஸ்டேஷனில் உட்கார வைத்த எங்கள் உதவியாள் பையனே ஒரு சமயம் இடுப்பில் பட்டன் கத்தி வைத்திருந்தான். ஊர்ப் பொங்கலில் யாரோடோ தகராறு, அவன்கள் வந்தால் என்ன செய்வது அண்ணாச்சி என்றான். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன், இன்றும் பூண்டு உரிக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். சமையல்கட்டில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டோம், பலகையில் வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொன்னது. அதே மாதிரி வாய்த்தகராறு ஆரம்பித்தால் முதலில் கத்தியைக் கீழே வைக்க வேண்டும், அப்புறம் திட்டலாம். 26 வருடத்தில் எத்தனையோ சண்டை பார்த்துவிட்டேன், உப்புக்குச் சண்டை, சம்பளத்துக்குச் சண்டை, வெற்றிலைக்குச் சண்டை. ஒருவருக்கும் கீறல்கூட விழாமல் போனதற்கு அந்த வழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கோபம் வருகிற நேரத்தில் கையில் இருந்தால் அது வேலை செய்துவிடும். பயந்து வைத்திருக்கிறவனுக்கும் கோபம் வரும்தானே? தற்காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருகிறது, யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகத் தினமும் இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடைக்குப் போவது வேறு.

சின்னக் கத்திதானே, 9 அங்குலம் இல்லையே என்று சில பையன்கள் சட்டம் பேசுகிறார்கள். அதுவும் தப்புக் கணக்கு. குத்துகிற, வெட்டுகிற கருவியால் காயப்படுத்தினால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 118ஆவது பிரிவு, அது அங்குலம் பார்ப்பதில்லை. காட்டி மிரட்டினாலே தனியாக வழக்கு உண்டு.

ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிற பெண் பிள்ளைகள் கைப்பையில் பழம் நறுக்குகிற கத்தி வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டால் மட்டும் எனக்கு உடனே பதில் வரவில்லை. என் மகளே கேட்டாள். நான் மிளகு ஸ்பிரே வாங்கிக் கொடுத்தேன், கத்தி வேண்டாம் என்றேன், அது கைமாறினால் என்ன ஆகும் என்ற பயம்தான். ஆனால் ஒரு பெண் பிள்ளை வைத்திருந்தாள் என்று யாராவது குற்றம் சொன்னால் அவர்களோடு நான் சேரமாட்டேன்.

எங்களுக்கு இவ்வளவு தொந்தரவும் யாரால் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2018 பிப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி அரிவாளால் பிறந்தநாள் கேக் வெட்டினார், போலீஸ் சுற்றிவளைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அதைப் பார்த்துத் திருந்துவார்கள் என்றால், மீசை முளைக்காத பையன்கள் எல்லாம் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். கேக் வெட்ட பேக்கரியிலேயே பிளாஸ்டிக் கத்தி சும்மா தருகிறார்கள், அதில் வெட்டினால்தான் கிரீம் கலையாமல் வரும், இது தொழில்முறையில் சொல்கிறேன். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் மாநகர பஸ்ஸுக்குள் கல்லூரிப் பையன்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட வீடியோவையும் பார்த்தோம். அங்கே எதற்கு அரிவாள்? பஸ்ஸில் தென்னை மரமா இருக்கிறது?

2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்கப் போலீஸ் ஒரு பெரிய தேடுதல் நடத்தி ஆயிரக்கணக்கில் ரவுடிகளைப் பிடித்தது, ஆயிரத்துக்கும் மேல் கத்தியும் அரிவாளும் எடுத்தார்கள். அதோடு சேர்த்துப் பட்டறைகளுக்கும் உத்தரவு போட்டார்கள், வாங்குகிறவர் பெயர், முகவரி எழுதிக்கொள்ள வேண்டும், கேமரா வைக்க வேண்டும், அடையாளம் தெரியாதவருக்கு விற்கக் கூடாது என்று. நான் வாடிக்கையாகக் கத்தி அடிக்கிற ஆசாரி நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திறந்து முதல் பெயராக என்னைத்தான் எழுதினார். "இருபது வருஷமா தெரியும், இருந்தாலும் எழுதணும்ல" என்று சிரித்தார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. திருப்பாச்சேத்தி அரிவாள் என்றாலே ஆட்கள் பயப்படுகிற மாதிரி ஆகிவிட்டது, ஆனால் அங்கே அடிக்கிறதில் பெரும்பாலும் கதிர் அறுக்கவும் வேலி முள் வெட்டவும் கறிக்கடைக்கும் போகிறதுதானே. பட்டறைக்காரரிடம் நோட்டு கேட்கிறோம் சரி, ஆன்லைனில் விதவிதமாக மடக்குக் கத்தி வீட்டு வாசலுக்கே வருகிறதே, அதற்கு யார் நோட்டு போடுவது? ஆசாரிக்கு என் முகம் தெரியும், அங்கே யாருக்கு என்ன தெரியும்?

சாமி காரியத்துக்கு மட்டும் நம் ஊரில் கேள்வியே கிடையாது. அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு ஆள் உயர அரிவாளைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், பஸ் நின்று வழிவிடுகிறது. அது நேர்த்திக்கடன், யாருக்கும் பயம் வருவதில்லை, வரவும் கூடாது. சீக்கியர்கள் மத அடையாளமாக அணிகிற கிர்பான் என்ற குறுவாளுக்கு அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவிலேயே இடம் இருக்கிறது, உள்நாட்டு விமானத்தில்கூட அலகு 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் வரை அனுமதி. நான் ஒருமுறை சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து விமானத்தில் போனபோது கைப்பையில் நாலு அங்குலக் கத்தியை மறந்து வைத்துவிட்டு அங்கேயே தொலைத்தேன். தப்பு என்னுடையதுதான், பெட்டியில் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். அங்கே விதி என்ன என்று எழுதி ஒட்டியிருந்தது, அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. ரோட்டில்தான் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. எங்களுக்குச் சமையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, பனைமரத் தொழிலாளர்களுக்கு ஒரு வாரியம், தெரு வியாபாரிகளுக்கு ஒரு வாரியம். மூன்றிலும் அட்டை தருகிறார்கள். அந்த அட்டையின் பின்பக்கத்தில், இவர் தொழிலுக்காக இன்னின்ன கருவி எடுத்துச் செல்வார், கட்டிய நிலையில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று இரண்டு வரி அச்சடித்தால் என்ன செலவு? சோதனையில் நிற்கிற காவலருக்கும் அதைப் பார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை. போலி அட்டை வரும் என்பீர்கள். வரும்தான். போலிப் பத்திரிகையும் அச்சடிக்கலாம், அதற்காகக் கல்யாணத்தை யாரும் நிறுத்துவதில்லை. தடை உத்தரவு போட்ட நாள், தேர்தல் அன்று வாக்குச்சாவடிப் பக்கம், இந்த மாதிரி சமயங்களில் அட்டை இருந்தாலும் கத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்.

எனக்குப் பத்திரிகையாவது இருக்கிறது. எங்கள் பைபாஸ் ஓரத்தில் இளநீர் விற்கிற பெரியவரிடம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? எங்கள் பையன் கதையைக் கேட்டதிலிருந்து அவர் அரிவாளை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சாயங்காலம் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு சைக்கிளில் போகிறார். டீக்கடைக்காரர் சில நாள் ஏழு மணிக்கு மேல்தான் திறக்கிறார். அதுவரை குலையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு, கேட்கிறவர்களிடம் கொஞ்சம் பொறுங்க, கத்தி வரணும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கல்யாணச் சமையல்காரன்,
விருதுநகர் மாவட்டம்.